மாநகராட்சியோடு ஊராட்சியை இணைக்குமுன் வாக்கெடுப்பு நடத்த வேண்டாமா?

கேள்வி (சேலம் புறநகர் வாசகர்):
எங்கள் ஊராட்சி, சேலம் மாநகராட்சி எல்லையை ஒட்டி இருக்கிறது. இணைப்புப் பேச்சு எழுந்ததும் கிராம சபையில் வேண்டாமென்று தீர்மானம் போட்டோம். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும் என்ற கவலையில் வயதான பெண்கள் வரிசையில் நின்று தீர்மானப் புத்தகத்தில் கைரேகை வைத்தார்கள். பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் ஊதா மை. அந்தப் பக்கத்திற்கு என்ன மதிப்பு? எல்லையை மாற்றும்போது அந்த ஊர் வாக்காளர்களிடம் கேட்பதுதானே முறை?

பதில் 1:
கிராம சபைத் தீர்மானத்தை அரசு பரிசீலிக்கலாம்; ஆனால் அதற்குக் கட்டுப்பட்டதன்று. எது நகர்ப்புறம் என்பதை மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், வேளாண்மை சாராத வேலைவாய்ப்பு, பொருளாதார முக்கியத்துவம் போன்றவற்றைப் பார்த்து ஆளுநர் அறிவிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 243கியூ பிரிவு. மக்களின் விருப்பம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. 1994-இல் சேலம் மாநகராட்சியானபோதும், 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் நம்மிடம் யாரும் வாக்குச்சீட்டை நீட்டவில்லை.

பதில் 2:
மக்களிடம் வாக்கெடுத்துக் கேட்ட முன்னுதாரணமும் நம் நாட்டில் உண்டு. மகாராஷ்டிரத்தோடு இணைவதா என்று 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம் கேட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள், இணைப்பும் நின்றது. அதில் நான் கவனிப்பது, மகாராஷ்டிர வாக்காளர்களை யாரும் கேட்கவில்லை என்பதைத்தான். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் சேலம் மாநகரத்தையும் சேர்த்து வாக்கெடுப்பு நடத்தினால், சில ஆயிரம் பேர் உள்ள ஊராட்சியின் மறுப்பு எண்ணிக்கையிலேயே கரைந்துபோகும். ஜப்பானின் ஒசாகா நகரைக் கலைத்துச் சிறப்பு வார்டுகளாகப் பிரிக்கும் திட்டத்தை, 2015-இலும் 2020-இலும் அந்நகர வாக்காளர்களே சிறு வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். யாருடைய அமைப்பு கலைகிறதோ அவர்களிடம் மட்டும் கேட்பதே நியாயம் என்பேன்.

பதில் 3 (ஏற்காடு):
இணைப்புக்கு வாக்கெடுப்பு சரி, வார்டு எல்லைக்கு வாக்கெடுப்பு என்றால் நான் உடன்படமாட்டேன். எங்கள் மலையில் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. தலையெண்ணிக்கைக்கு விட்டால், கடைவீதி பக்கம் ஆள் அதிகம் என்பதாலேயே, காப்பித் தோட்டங்களுக்கு அப்பாலிருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளை வசதிப்படி வெட்டி ஒட்டிவிடுவார்கள். அதற்கு, வார்டு எல்லைகளை வகுக்கும், 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படியான மறுவரையறை ஆணையமே மேல். ஆனால் அதன் வரைவு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்ததை நானே பார்த்தேன்: வெறும் எல்லை விவரங்கள், வரைபடம் இல்லை. ஆட்சேபனை எழுத நினைத்த பக்கத்து வீட்டுக்காரர், தம் வீடு எந்த வார்டில் என்றே புரியாமல் திரும்பிவிட்டார்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வார்டு விஷயத்தில் ஏற்காட்டு நண்பர் சொல்வதை ஏற்கிறேன். இணைப்புக்கோ வாக்கெடுப்பு வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாகிவிட்டேன். 2025 ஜனவரியில் எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. இணைப்பு அறிவிப்புகள் மாநிலத்தின் பல ஊர்களுக்கு வந்ததும் அந்த மாதத்தில்தான். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லாத நேரத்தில், எங்கள் சார்பில் மறுக்க அந்த ஊதாப் பக்கம் ஒன்றுதான் இருந்தது.