பில் மில்லர் குடுத்த 75 மில்லியன் டாலர்: அது யாரு காசு?

பச்சைப்பேனா: அமெரிக்காவுல பால்டிமோர்ல லெக் மேசன் வேல்யூ டிரஸ்ட்னு ஒரு மியூச்சுவல் ஃபண்டை நடத்துன பில் மில்லர் 1991-லேர்ந்து 2005 வரைக்கும் 15 வருஷம் தொடர்ந்து எஸ் அண்ட் பி 500-ஐ (அமெரிக்கப் பெரிய கம்பெனிப் பங்குகளோட குறியீடு) லாபத்துல ஜெயிச்சாரு. அவரு 2018-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டி தத்துவத் துறைக்கு 75 மில்லியன் டாலர் குடுத்தாரு, 13 பேரா இருந்த ப்ரொஃபசர்களை 22 ஆக்குறதுக்கு. தத்துவத்துக்கு யாருங்க இவ்ளோ குடுப்பா?

ஈரோட்டுக்காரன்: 2008 நிதி நெருக்கடியை அப்படியே தாண்டிட்டீங்களே. மார்க்கெட் 37% விழுந்த வருஷம் இவரு ஃபண்டு 55% விழுந்துச்சு, பேர் ஸ்டெர்ன்ஸ், ஏஐஜி, ஃப்ரெட்டி மேக்னு முங்குற கப்பலா இருந்த நிதிக் கம்பெனிகளா பாத்து சல்லிசா கிடைக்குதுன்னு வாங்கிப் போட்டதால. எங்கப்பாவும் 2007 கடைசில ஒரு ஃபண்டுல ரிட்டயர்மெண்ட் காசைப் போட்டாரு, ஒரே வருஷத்துல பாதி போச்சு, ஆனா ஃபண்டுக்காரன் எடுக்குற ஃபீஸ் மட்டும் நிக்கவே இல்ல. அந்த வலி தெரிஞ்சவன் சொல்றேன், வள்ளல் பட்டம் வேணாம்.

பச்சைப்பேனா: அப்பா விஷயம் கேக்கவே கஷ்டமா இருக்கு அண்ணே. ஆனா எல்லாரும் ஓடுறப்ப வாங்குற அதே குணம்தான் டாட் காம் சரிவுல, அதாவது இன்டர்நெட் கம்பெனிப் பங்குகள் விழுந்தப்ப, அமேசான் பங்கை அள்ள வெச்சுது, அவரோட சொந்த சொத்துல பெரும்பங்கு அதுலேர்ந்து வந்ததுதான். அதே ஹாப்கின்ஸ்ல தத்துவத்துல பிஎச்டி சேந்து முடிக்காம வந்தவரு, யோசிக்கக் கத்துக்குடுத்த இடம்னு திருப்பிக் குடுக்குறாரு. 2021-ல இயற்பியலுக்கும் 50 மில்லியன் குடுத்தாரு.

நிலா: 15 வருஷக் கணக்குல ஒண்ணு கவனிங்க. ஜனவரி டு டிசம்பர்னு எண்ணுனாத்தான் அந்த 15 வருது, வேற மாசத்துலேர்ந்து எண்ணுனா வராது, இதை மில்லரே வெளிப்படையா ஒத்துக்கிட்டாரு. தன் பேரைத் தூக்கி வெச்ச சாதனையையே காலண்டர் அதிர்ஷ்டம்னு சொல்ல எத்தனை ஃபண்டு மேனேஜருக்கு மனசு வரும்? எனக்கு அவரைப் புடிச்சதே அதுக்குத்தான்.

ஈரோட்டுக்காரன்: அந்த நேர்மையை ஒத்துக்குறேன் நிலா. ஆனா 2005-ல சாதனையைப் பாத்து உள்ள வந்தவங்கதான் 2008-ல ரொம்ப அடி வாங்குனாங்க, ஆரம்பத்துலயே போட்டவங்க அந்த அளவுக்கு இல்ல. இன்னைக்கு அந்தத் தத்துவத் துறைக்கே அவரு பேரு. 9 ப்ரொஃபசர் கூடுனது நல்லதுதான், ஆனா அங்க ஒழுக்கவியல் படிக்கிற பசங்களுக்கு முதல் கிளாஸ்லயே இந்தக் கதையை 2008-ஓட சேத்துச் சொல்லிக்குடுக்கணும்.

பச்சைப்பேனா: அதுக்கு நானும் சம்மதம் அண்ணே.