செயலி வந்த பின் ஆர்டர்கள் கூடின. ரைடர்கள் ஏன் விலகுகிறார்கள்?

பாளைக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நண்பர்கள் மூவர் சேர்ந்து, சிறு உணவகங்களிலிருந்தும் மளிகைக் கடைகளிலிருந்தும் வீடுகளுக்குப் பொருள் கொண்டு சேர்க்கும் ஒரு தொடக்க நிறுவனத்தை நடத்தி வருகிறோம். முதல் இரண்டு ஆண்டுகள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, எந்த ரைடர் எங்கே இருக்கிறார் என்று நானே தொலைபேசியில் கேட்டு அனுப்புவேன். பெரிய நிறுவனங்களோடு போட்டியிட இது போதாது என்று எண்ணி, கடன் வாங்கி ஒரு செயலியை உருவாக்கினோம். ஆர்டரை ஒதுக்குவது, தூரத்தைக் கணக்கிட்டுக் கூலி போடுவது, வாடிக்கையாளர் தரும் ரேட்டிங்கைப் பார்த்து ஊக்கத்தொகை தருவது எல்லாவற்றையும் இப்போது மென்பொருளே செய்கிறது. ஆர்டர்கள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன. கடைக்காரர்களுக்கு அன்றன்றே யுபிஐ வழியாகப் பணம் சேர்ந்துவிடுகிறது. ஆனால் எங்களோடு நிலையாக இருந்த 22 ரைடர்களில் 9 பேர் ஆறே மாதத்தில் விலகிவிட்டார்கள். கிலோமீட்டருக்கான கூலியை நாங்கள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஐப்பசி மழையில் ஆள் இல்லாமல் ஆர்டர்களை ரத்து செய்ய நேர்ந்தபோதுதான், எங்கள் போட்டித்திறன் யார் கையில் இருக்கிறது என்பது உறைத்தது. எங்கே தவறினோம்?

மேலப்பாளையம் ரைடர்

அண்ணாச்சி, உங்களிடம் வேலை பார்த்தவன் இல்லை என்றாலும், ஏழு ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பதால் சொல்கிறேன். உங்கள் செயலி தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்று முதலில் பாருங்கள். குறுக்குத்துறையிலிருந்து ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் தூரம் மிகக் குறைவு. ஆனால் வண்டி தாமிரபரணியில் நீந்தி வர முடியாது, பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்கும் நேரத்துக்கும், உணவகத்தில் சாப்பாடு தயாராகும் வரை காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி இல்லை. கடைக்காரர் தாமதித்ததற்காக வாடிக்கையாளர் எங்கள் ரேட்டிங்கைக் குறைப்பார், ஊக்கத்தொகை போய்விடும், ஏன் போனது என்று கேட்க ஆள் இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் வெள்ளம் வந்து நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையமே மூழ்கியதே, அப்போது நான் இருந்த ஒரு செயலியிலிருந்து கூடுதல் ஊக்கத்தொகை அறிவிப்பு வந்தது. அதே நேரத்தில், நான் பகுதிநேரமாகப் பொருள் எடுத்துக் கொடுத்த ஒரு மளிகைக் கடை முதலாளி அழைத்து, "பாலத்துப் பக்கம் போகாதே, வீட்டில் இரு" என்றார். இன்றும் அவர் கூப்பிட்டால் வேறு ஆர்டரை விட்டுவிட்டுப் போவேன். நீங்களும் முன்பு அப்படித் தொலைபேசியில் பேசிய முதலாளிதானே?

குற்றாலச் சாரல்

தென்காசியில் மென்பொருள் எழுதுபவன். மேலே உள்ளவர் சொன்னது உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று, வடிவமைப்புக் குறையும்கூட. செயலி, வரைபடம், உடனடிப் பணப் பரிமாற்றம் எல்லாம் பெரிய நிறுவனங்களிடம் உங்களைவிட நன்றாகவே இருக்கின்றன. அவற்றை மட்டும் நகலெடுத்தால் அவர்களின் மலிவுப் பதிப்பாகத்தான் இருப்பீர்கள். உங்களிடம் கூடுதலாக இருந்தது ஊரைப் பற்றிய அறிவு, அதைச் செயலிக்குள் கொண்டுவராமல் வெளியே விட்டுவிட்டீர்கள். சாலைவழித் தூரத்துக்கு மாறுங்கள். ஆர்டரை ஏற்கும் முன்பே தூரம், காத்திருப்பு, ஊக்கத்தொகை என்று கூலியைப் பிரித்துக் காட்டுங்கள். கடையின் தாமதத்தால் வந்த குறைந்த ரேட்டிங் ரைடரின் கணக்கில் ஏறக் கூடாது.

பெங்களூரில் 2022 நவம்பரில் வந்த, ஆட்டோ அழைக்க உதவும் நம்ம யாத்ரி செயலியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிக்காமல், ஆட்டோ ஓட்டுநரிடம் நாளொன்றுக்கு 25 ரூபாய் சந்தா என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். தன் கைக்கு எவ்வளவு வரும் என்பது ஓட்டுநருக்கு முன்பே தெரிந்தது. பிறகு பெரிய நிறுவனங்களும் ஆட்டோக்களுக்குச் சந்தா முறைக்கு வந்தன.

வண்ணார்பேட்டை வழக்குரைஞர்

சட்டத்தையும் கவனியுங்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர அது வழிசெய்கிறது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், காரணத்தை எழுத்தில் தந்து 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் ரைடரை நீக்கக் கூடாது என்கிறது. அது நம் மாநிலத்தில் செல்லாது என்றாலும், நீங்களாகவே அதைப் பின்பற்றத் தடையில்லை. தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு, அதாவது உங்கள் ரைடர்களைப் போலச் செயலி வழியாக வேலை பெறுபவர்களுக்கு, நல வாரியம் இருக்கிறது. புதிய மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். உங்கள் ரைடர்கள் வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா? இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் உட்காரவைத்துப் பதிந்து கொடுங்கள்.

பாளைக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு கடந்த மாதக் கணக்கைத் திறந்து, ஆற்றைக் கடந்த பயணங்களை மட்டும் தனியே எடுத்துச் சாலைவழித் தூரத்தோடு ஒப்பிட்டேன். மேலப்பாளையம் அண்ணாச்சி சொன்னது சரி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கூலி குறைவாகவே போயிருக்கிறது. கூலியைக் குறைக்கவில்லை என்று நான் எழுதியது பிழை. விலகிய 9 பேர் உட்பட எல்லோருக்கும் பழைய மாதங்களைக் கணக்கிட்டு, இந்த வாரத்திலிருந்து நிலுவையைக் கொடுக்கத் தொடங்குகிறோம். அந்த 9 பேரையும் நானே வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். காத்திருப்புக் கூலிக்கு நிமிடக் கணக்கா, ஆர்டருக்கு ஒரே தொகையா, எது ரைடர்களுக்கு நல்லது?