புதுப்பிப்பு: பின்னாடி கார் இடிச்சு கழுத்து வலின்னு போட்டிருந்தேனே, 7 மாசம் ஆச்சு

மார்ச்ல இங்க கனடால, மிசிசாகால ரெட் சிக்னல்ல நின்னப்ப பின்னாடி வந்த கார் இடிச்சது, கழுத்த திருப்ப முடியல, எக்ஸ்ரே நார்மல், இது விப்லாஷ்தானான்னு (தலை சடார்னு முன்னும் பின்னும் வெட்டி கழுத்து அடிபடறது) கேட்டிருந்தேன். ஆமா, அதேதான். கியூபெக்ல 1995ல ஒரு குழு இத 0லேர்ந்து 4 வரைக்கும் கிரேடு பிரிச்சாங்க, எனக்கு 2, அதாவது வலியோட கழுத்து அசைவும் கொறஞ்சிருக்கு, எலும்பு நரம்புல ஒண்ணும் இல்ல.

வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பால வருஷத்துக்கு லட்சம் பேர்ல 300 பேருக்கு மேல இதுக்காக எமர்ஜென்சிக்கு போறாங்களாம், அதுல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரு வருஷம் கழிச்சும் வலி இருக்குமாம். பயமாத்தான் இருந்துச்சு, ஆனா நான் சாக்கு சொல்லலன்னு ஒரு நிம்மதியும் வந்துச்சு.

வலிய விட தூக்கம் போனதுதான் கொடுமை. ராத்திரி புரண்டு படுக்கணும்னா தலைய கையால தாங்கிக்கிட்டுதான் திரும்பணும், பாப்பாவுக்கு ஜடை பின்ன குனிஞ்சா ரெண்டே நிமிஷத்துல பின்மண்டைலேர்ந்து கண்ணு வரைக்கும் இழுக்கும், பாதி ஜடையோட அவர்கிட்ட அனுப்பிடுவேன்.

சில பேர் கழுத்துக்கு காலர் (பட்டை) போடச் சொன்னீங்க, டாக்டர் வேணாம்னுட்டார், அசைச்சுக்கிட்டே இருக்கணுமாம். கார் சீட்ல தலை சாயற ஹெட்ரெஸ்ட்ட உச்சந்தலை மட்டத்துக்கு ஏத்திட்டேன், நீங்களும் பாத்துக்கோங்க. இப்ப இடது பக்கம் முழுசா திரும்புது, வலது பக்கம் பிளைண்ட் ஸ்பாட் (கார் கண்ணாடில தெரியாத இடம்) பாக்க இன்னும் உடம்போடதான் திரும்பறேன்.