சென்னைப் புழுக்கத்தில் ஓட்டம்: தெரிந்ததைப் பகிருங்கள்

உப்புக்காற்று:
மே மாதம் மெரினாவில் காலை 5 மணிக்கு ஓட வருபவர்கள் பெரும்பாலும் 'வெயில் வரதுக்குள்ள முடிச்சிடலாம்' என்றுதான் கிளம்புகிறார்கள். வெயில் பாதிதான், மீதி புழுக்கம். அந்த நேரத்தில் வெப்பம் 28, 29 டிகிரி இருக்கும், ஈரப்பதமோ பல நாள் 80 சதவீதத்துக்கு மேல். உடம்பைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதுதான்; ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். முழங்கையிலிருந்து சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் ஒரு பயனும் இல்லை. அதனால் வானிலை செயலியில் வெப்பநிலையோடு பனிநிலையையும் (dew point, காற்றில் எவ்வளவு ஈரம் என்று டிகிரியில் காட்டும் அளவு) பாருங்கள். அது 24-ஐத் தாண்டினால் கிலோமீட்டருக்கு 30 முதல் 60 விநாடி வரை மெதுவாக ஓடுங்கள். வாட்ச்சில் வேகத்தை மறைத்துவிட்டு இதயத்துடிப்பை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஜனவரியில் ஓடிய அதே வேகத்தில் மே மாதம் ஓடினால் துடிப்பு பத்து, பதினைந்து கூடுதலாகத்தான் காட்டும். ஃபிட்னஸ் குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை; இதயம் தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

பழகிக்கொள்ள 10 முதல் 14 நாள் ஆகும். முதல் நாலு நாள் 20 நிமிடம், 30 நிமிடம் போதும். குளிர் ஊரிலிருந்து லீவில் வருபவர்கள் வந்த மறுநாளே 15 கிலோமீட்டர் போக வேண்டாம்.

மெதுஓட்டம்:
எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் எடை மெஷின் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடுங்கள், குடித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்ததும் துடைத்துக்கொண்டு மறுபடி உடையில்லாமல் பாருங்கள். நனைந்த பனியன் எடையைக் கூட்டிக் காட்டும், அதற்காகத்தான் இது. முன்பு 68.0, பின்பு 66.9, குடித்தது 400 மில்லி என்றால் வியர்வை ஒன்றரை லிட்டர். அதை அப்படியே ஓடும்போது ஈடுகட்ட வேண்டியதில்லை. எடைக்குறைவு 2 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். கால் மணிக்கு ஒருமுறை 100, 150 மில்லி சரியாக வரும்.

எடை கூடியிருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். மோதிரம் இறுகும், வாந்தி வரும், தலை வலிக்கும், பேச்சு குழறும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. இந்த நிலையில் இருப்பவருக்கு 'இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க' என்று கொடுத்துவிடாதீர்கள்.

அடையாறு அக்கா:
மெதுஓட்டம் தம்பி சொன்னதோடு உப்பு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் உப்பு தேவை. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். பாதிப் பொடியை 500 மில்லி பாட்டிலில் கொட்டாதீர்கள். பொடி ஒரே சீராகக் கலந்திருக்காது, உப்பும் சர்க்கரையும் பாதிப் பாதியாக வராது. முழுப் பாக்கெட்டையும் கரைத்துவிட்டு பாட்டிலில் ஊற்றுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தனியாக அது போதாது. ஓடி முடித்ததும் நீர்மோர் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு நன்றாக இருக்கும். பிரஷர், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பு கூட்ட வேண்டாம். கால்வலிக்கென்று ஓட்டத்துக்கு முன் இபுப்ரோஃபென் போடுவதையும் விட்டுவிடுங்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

முதலுதவி:
குழுவாக ஓடுபவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். தள்ளாடுபவரிடம் பேர், எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேளுங்கள். பதில் குழம்பினாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் காய்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். ஓடும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு தெப்பலாக நனைந்தேதான் இருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். பாரசிட்டமால் உதவாது.

108-ஐ ஒருவர் கூப்பிடட்டும், மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன. ஒரு தார்ப்பாயை விரித்து அவரைப் படுக்க வைத்து, நாலு பக்கமும் ஆறு பேர் தூக்கிப் பிடியுங்கள். 20 லிட்டர் கேன் ஆறேழு ஊற்றி ஐஸைக் கொட்டுங்கள். நொச்சிக்குப்பம் பக்கம் என்றால் மீன் கடையில் ஐஸ் கிடைக்கும். கழுத்துவரை நனையட்டும், தலையை ஒருவர் மேலே பிடித்துக்கொள்ளட்டும், தார்ப்பாயை ஆட்டிக்கொண்டே இருங்கள். நிமிடத்துக்கு சுமார் 0.2 டிகிரி இறங்கும். 10, 15 நிமிடத்தில் பேச்சு தெளியும், இல்லையென்றால் நடுக்கம் வரும். அப்போது வெளியே எடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

'சூடான உடம்பில் ஐஸ் தண்ணி பட்டால் ஆபத்து' என்று பக்கத்தில் யாராவது தடுப்பார்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபால்மத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

உப்புக்காற்று:
தார்ப்பாய் 8-க்கு 6 அடி போதுமா, பெரியது வேண்டுமா?

முதலுதவி:
போதும். ஓரத்தில் துளைவளையம் உள்ளதாக வாங்குங்கள். ஈரக்கையில் வழுக்கும், அதனால் வளையத்தில் கயிறு கட்டியே வைத்திருங்கள்.