உழவர் சந்தையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் விவசாயியா, வியாபாரியா?

மதுரைக்காரன்:

விவசாயிகளே நேரடியாகக் காய் விற்பதற்கென்று தமிழ்நாட்டில் அரசு அமைத்த முதல் உழவர் சந்தை எங்கள் மதுரை அண்ணாநகரில் உள்ளதுதான். 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். அங்கே காய் வாங்குகிற பலரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: விற்பவர் நிஜமாகவே விளைவித்தவரா, இல்லை மொத்த மார்க்கெட்டில் எடுத்துவந்து கடை போட்டவரா?

விற்கிற விவசாயிக்கு அடையாள அட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நிலத்தைப் பார்த்து, என்ன பயிர் என்று எழுதி, படம் ஒட்டித்தான் தருகிறார்கள். ஆனாலும் அட்டை ஒருவர் பேரில், கடையில் இன்னொருவர் என்ற புகார் சந்தை தொடங்கிய காலத்திலிருந்தே உண்டு. அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்க நாம் என்ன அதிகாரியா? கேட்டாலும் அவர்கள் முகம் சுருங்கிவிடும். அதனால் நான் வேறு கேள்வி கேட்பேன்: "அடுத்து எப்பக்கா வருவீங்க?"

வெண்டைக்காய் விற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். அதனால் சொந்தத் தோட்டக்காரர், "நாளைக்கு வரமாட்டேன்ப்பா, இன்னைக்குத்தான பறிச்சேன். நாளான்னைக்கு வா" என்பார். "தினமும் இங்கதான் இருப்பேன், எப்ப வேணா வாங்க" என்று சொல்பவரிடம் காய் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது அவர் தோட்டத்துக் காயாக இருக்க வாய்ப்பு குறைவு.

இன்னொன்று, கடையில் எத்தனை வகை இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் இரண்டு மூன்று காய் இருக்கும், ஓரமாக நாலு கட்டு கீரை, கொஞ்சம் சுண்டைக்காய். முருங்கைக்காய்க்குப் பக்கத்திலேயே கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் அடுக்கியிருந்தால், கொடைக்கானல் சரக்கு மேலூர்த் தோட்டத்துக்கு எப்படி வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சில சந்தைகளில் மலைக்காய்களுக்குத் தனிக் கடையே ஒதுக்கியிருப்பார்கள், அது வேறு கதை.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவிடம் கத்தரிக்காய் வாங்குவது வழக்கம். காம்பில் இருக்கும் முள் விரலில் சுருக்கென்று குத்தும், அன்று பறித்த காய் அப்படித்தான் இருக்கும். ஒருநாள் பக்கத்தில் நின்ற அம்மா ஒரு சொத்தைக் காயைக் கையில் எடுத்து, "புழு இருக்கு, அப்ப மருந்தடிக்காத காய்தான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த அக்கா சும்மா தலையாட்டியிருக்கலாம், வியாபாரமாவது ஆகியிருக்கும். "இல்லம்மா, மருந்து அடிச்சிருக்கேன். புழு காய்க்குள்ள போயிட்டா மருந்து எட்டாது. அடிச்சு நாலு நாள் கழிச்சுத்தான் பறிப்பேன், பயப்படாதீங்க" என்றார். அந்த அம்மா காயைப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நான் ஒரு கிலோ வாங்கினேன். புழு ஓட்டையை இயற்கை விவசாயச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்து அடித்தீர்களா என்பதைவிட, அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

பேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலில் உள்ள பலகையில் அன்றைய விலை இருக்கும். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிக்கடை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது அதன் கணக்கு. அதிலும் இரண்டு ரூபாய் குறை என்று நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதைவிட மோசம், வெண்டைக்காய் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போவது. நுனி போன காயை அதற்கப்புறம் யார் வாங்குவார்?

சிங்காநல்லூர் வாசகி:

அடுத்து எப்ப வருவீங்கன்னு கேட்கிற யோசனை நன்றாக இருக்கிறது. கோவையில் நாங்கள் இதையே சின்ன வெங்காயத்தில் கண்டுபிடிப்போம்.

உழவர் சந்தையில் ஒரு பெரியவரிடம் மொத்தமாக ஐந்து கிலோ கேட்டேன். தராசில் கையே வைக்கவில்லை. "ஏனுங்க அம்மிணி, வெச்சுத் திங்கறதுக்குங்களா, இந்த வாரமே செலவாயிருமா?" என்றார். வைத்துத்தான் என்றேன். "அப்ப இது வேண்டாமுங்க. பச்சை வெங்காயம், தாள் ஈரம் காயல. பத்து நாள்ல அழுகிப்போயிரும்" என்று ஒரு வெங்காயத்தின் கழுத்தை அழுத்திக் காட்டினார், ஈரம் பிசுபிசுத்தது. பட்டறையில் (வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேமித்து வைக்கும் அமைப்பு) போட்டுக் காயவைத்த வெங்காயம் அவருக்கு எதிர் வரிசையில் இருந்தது. "அவுருகிட்ட வாங்கிக்கங்க" என்று கையைக் காட்டிவிட்டார். சாம்பாருக்கு மட்டும் அரைக் கிலோ அவரிடமே வாங்கினேன்.

அப்புறம், காலை எட்டு மணிக்கு மேல் போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் மீதிக் காயைக் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். விலை குறைவு, ஆனால் நல்லது பொறுக்க முடியாது. இந்த பஸ் விஷயமும் சும்மா இல்லை. சந்தை தொடங்கியபோதே அரசு பஸ்ஸில் சுமைக் கட்டணம் இல்லாமல் காய் மூட்டையை ஏற்றிவர வழி செய்திருந்தார்கள். அது இல்லையென்றால் நாற்பது கிலோ காயோடு எந்தப் பாட்டி இவ்வளவு தூரம் வருவார்?

வடபழனிவாசி:

எங்களுக்கு விவசாயியைப் பார்ப்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பல்லாவரத்தில் ஓர் உழவர் சந்தை இருக்கிறது, வடபழனியிலிருந்து கீரைக்காக அங்கே போக முடியுமா? தெருமுனையில் உட்காரும் கீரைக்கார அம்மாதான் எனக்கு எல்லாம். அவர் விளைவிப்பவர் இல்லை, விடிவதற்கு முன் கோயம்பேட்டில் எடுத்துவருகிறார். அதை மறைக்கவும் மாட்டார். வியாபாரி என்றாலே ஏமாற்றுகிறவர் என்பதுபோல இங்கே ஒரு வாடை அடிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜிபே பண்ணட்டுமா என்று கேட்டால் முடிந்தவரை வேண்டாம் என்பார். போன் இருக்கிறது, பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் அட்டையும் மாட்டியிருக்கிறார். காரணம் கேட்டேன். "சாயங்காலம் தண்டல்காரன் வருவான் கண்ணு, அவன் கையில காசாத்தான் கேப்பான்." காலையில் 900 கையில் வாங்கினால் மாலையில் 1000 கட்ட வேண்டும். கீரை வாடினாலும் மழை பெய்தாலும் அந்த நூறு போயாக வேண்டும். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. 2020-இல் தெருவோர வியாபாரிகளுக்கு பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டமும் வந்தது. அதைச் சொன்னேன். பக்கத்தில் இட்லிக் கடை போடும் பெண் வாங்கியிருக்கிறாராம், தனக்கும் பேர் எழுதிக்கொண்டு போனார்கள் என்றார். அதற்குமேல் அவர் பேச விரும்பவில்லை.

நேற்றுப் போய் சிறுகீரை கேட்டால், "அது வேணாம் கண்ணு, நேத்துக் கட்டு, தண்ணி தெளிச்சு வெச்சிருக்கேன். முளைக்கீரை எடுத்துக்க" என்கிறார். சிறுகீரையைப் பாதி விலைக்கு ஓட்டல்காரர் வாங்கிக்கொள்வாராம்.

மதுரைக்காரன்:

வடபழனிவாசி சொல்வது நியாயம்தான். எங்கள் சந்தை வாசலுக்கு வெளியே சாக்கு விரித்து எலுமிச்சை, கறிவேப்பிலை விற்கிறவர்களும் வியாபாரிகள்தான், அவர்களிடமும் வாங்குகிறேன். எனக்குப் பிடிக்காதது விவசாயிக்கென்று ஒதுக்கிய கடையில் வேறு ஆள் உட்காருவது மட்டும்தான். அப்படி ஒருவர் உட்கார்ந்தால் மேலூர் அக்கா மாதிரி ஒருவருக்கு அன்றைக்கு இடம் கிடைக்காது, காயை மூட்டையோடு கமிஷன் கடையில் இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சிங்காநல்லூர் வாசகிக்கு: பட்டறை வெங்காயம் இந்தப் பக்கமும் வருகிறது, திண்டுக்கல் சரக்கு. கழுத்தை அழுத்திப் பார்க்கும் வித்தையை ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.