மே மாசத்துல புயல் வராதாம்!

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருக்கார்: "மே மாசம் கோல்ட் ஃப்ரன்ட் (வடக்கேர்ந்து இறங்குற குளிர்காத்தோட முன்விளிம்பு) மெக்சிகோ வளைகுடா வரைக்கும் இறங்கிட்டா, புயல் சீசன் ஆரம்பிக்கிற ஜூன் 1 வரை புயலே கிடையாது, தைரியமா பீச் வீடு புக் பண்ணுங்க." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 2015ல அனாங்கிற புயல் எப்படிப் பொறந்துச்சாம்? நிலத்துலேர்ந்து கடலுக்கு இறங்கின ஃப்ரன்ட்டோட மிச்சம், வெதுவெதுப்பான தண்ணிமேல தேங்கி நின்னு சுழிச்சதுதானே? தென் கரோலினாவுல மிர்ட்டில் பீச் பக்கம் கரையேறினது மே 10. மே 10 சார்!

டாம்பா_சீனு:
எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு எதுக்கு ஜாடை? அனா சப்டிராபிகல், அதாவது முழு வெப்பமண்டலப் புயல் (டிராபிகல்) ஆகாதது. அரைவேக்காடு. அதெல்லாம் புயல்னா எங்க வீட்டு டேபிள் ஃபேனும் புயல்தான்.

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
மே 8 சப்டிராபிகல். மே 9 முழு டிராபிகல். கரையேறினது மே 10. தேதி பார்த்துட்டுப் பேசுங்க. 2015லேர்ந்து 2021 வரை ஏழு வருஷமும் ஜூன் 1க்கு முன்னாடியே பேர் வெச்ச புயல் வந்திருக்கு. அதனாலதான் மயாமியில இருக்குற அமெரிக்க தேசிய புயல் மையமே 2021லேர்ந்து தினசரி அறிக்கையை மே 15க்கே ஆரம்பிச்சிடுச்சு.

டாம்பா_சீனு:
2022, 2023, 2024? மூணு வருஷமும் முதல் பேரே ஜூன்லதான். அதைச் சொல்ல மாட்டீங்களே, வாய் வலிக்கும்.

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
பேச்சை மாத்தாதீங்க. மே 10க்குப் பதில் சொல்லுங்க.

அடையாறு_வாசி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கோல்ட் ஃப்ரன்ட்டுக்கு "வாடை"ன்னு அழகான தமிழ்ச் சொல் இருக்கே? அப்புறம், ஃப்ரன்ட் எட்டிப்பார்க்காத நம்ம வங்கக்கடல்லயே 2022 மார்ச்ல ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்துச்சு.

டாம்பா_சீனு:
வாடை மார்கழிக் காத்துங்க. மே மாசத்துல எங்கேர்ந்து வாடை? சென்னைல உக்காந்துக்கிட்டு ஃப்ளோரிடாவுக்குப் பேர் வைக்க வந்துட்டார்.

அடையாறு_வாசி:
வடக்கேர்ந்து வந்தா வாடை. திசைதான் கணக்கு, மாசம் இல்ல. தமிழ் மறந்துட்டா எங்களைக் குறை சொல்லாதீங்க.

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
வாடையோ கோடையோ, மே 10.

கேட்டி_அக்கா:
தம்பி, மேல வேகமா காத்து அடிச்சா புயல் பிய்ஞ்சு போயிடும்னு சொல்றாங்களே? ஃப்ரன்ட் வந்தா அதானே நடக்கும்? சீனு சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு.

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
அக்கா, பெரும்பாலும் அப்படித்தான். பத்துக்கு ஒம்போது ஃப்ரன்ட் காத்தை உலர்த்திட்டுப் போயிடும்னே வெச்சுக்குங்க. மிச்ச ஒண்ணோட வால் கடல்மேல சிக்கிக்கும்ல, அதைத்தான் சொல்றேன். சின்னதுன்னு இளக்காரம் வேற! 2001 ஜூன்ல வந்த ஆலிசன் ஒரு நாள்கூட ஹரிக்கேன் (பெரும்புயல்) ஆகல. ஹூஸ்டன் துறைமுகத்துப் பக்கம் சுமார் 37 அங்குலம் கொட்டுச்சு. ஹரிக்கேன் ஆகாமலே, இனி எந்தப் புயலுக்கும் வைக்கக் கூடாதுன்னு பேருக்கு ஓய்வு கொடுத்த முதல் அட்லாண்டிக் புயல் அதுதான்.

டாம்பா_சீனு:
ஆலிசன் ஜூன் 5. ஜூன்! என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கீங்க, நன்றி.

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
மழைக்குச் சொன்னேன், மாசத்துக்கு இல்ல! மாசத்துக்கு அனா. மே…

டாம்பா_சீனு:
…10. தெரியும். போன வருஷம் கால்வெஸ்டன் பிக்னிக்குக்கு "ஒரு சொட்டு விழாது"ன்னு சத்தியம் பண்ணது யாரு? பிரியாணி ரசம் ஆச்சே, ஞாபகம் இருக்கா?

மழைப்பித்தன்_ஹூஸ்டன்:
அது மத்தியானத்துத் திடீர் இடிமழை. அதை எவனாலும் சொல்ல முடியாது.

கேட்டி_அக்கா:
அந்த பிரியாணி ட்ரே என்னோடது. இன்னும் யார்கிட்ட இருக்கு?