ஏர் பிரேக் பரிசோதனைக்கு நாங்கள் தயாரான விதம்: பினாங்கு ஓட்டுநர்களின் அனுபவப் பகிர்வு

பிறையிலிருந்து ஒரு டிரேலர் ஓட்டுநர்

என் அக்காள் மகன் கனரக லோரிக்கான லெசென் (ஓட்டுநர் உரிமம்) பயிற்சிக்குப் பெயர் பதிந்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து, ஏர் பிரேக் பகுதியை எத்தனை நாளில் மனப்பாடம் செய்துவிடலாம் என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னைப் பல ஆண்டுகள் பின்னால் கொண்டு போய்விட்டது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதிவைத்தால் மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

பெருநிலப் பகுதியில் உள்ள ஒரு பயிற்சிக் கழகத்தில் நான் படித்தேன். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அதிகாரி முன் போய் நிற்பதற்குச் சில நாள்கள் முன்னதாக, எங்கள் பயிற்றுநரே அதிகாரியின் இடத்தில் அமர்ந்து ஒரு முன்தேர்வு நடத்தினார். பரிசோதனையின் வரிசை முழுவதையும் நான் ஒரு தாளில் எழுதிப் பாடம் செய்திருந்தேன். பிரேக்குக்கான தொட்டிகளில் காற்று நிரம்பியதும் இயந்திரத்தை நிறுத்தினேன். சாவியையும் முழுவதுமாகத் திருப்பி எடுத்துவிட்டேன். பிறகு பிரேக் பெடலை விட்டு விட்டு மிதித்து அழுத்தத்தை இறக்கத் தொடங்கினேன். அந்தப் பழைய லோரியில் காற்றுக்குழாய் மீட்டர்வரை நேரடியாக வந்ததால், மின்சாரம் இல்லாமலேயே முள் இறங்கிக்கொண்டு போயிற்று. தாளில் எந்த இடத்தில், காற்று குறைந்துவிட்டது என்று சொல்லும் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டுமோ அந்த இடம் வந்ததும், "இப்போது விளக்கு எரிந்து மணி ஒலிக்கிறது" என்று உரத்த குரலில் சொன்னேன். விளக்கும் எரியவில்லை, மணியும் ஒலிக்கவில்லை. சாவி 'ஆன்' நிலையில் இல்லாதபோது அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

பயிற்றுநர் என் தந்தையின் வயதுடையவர். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உன் கண் மீட்டரில் இல்லையே, வேறெதையோ படித்துக்கொண்டிருந்ததே" என்று மட்டும் சொல்லி என்னைக் கீழே இறங்கச் சொன்னார். அன்று மாலை மற்றவர்கள் போன பிறகு என்னை இருக்க வைத்து, லோரிக்கு அடியில் குனிந்து காட்டி, காற்று எந்த வழியாகப் போகிறது என்பதை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்.

இயந்திரம் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிகளுக்கு அனுப்புகிறது. அழுத்தம் உச்சத்தைத் தொட்டதும் கவர்னர் என்ற கருவி அதை நிறுத்துகிறது. பெடலை மிதித்தால் தொட்டியிலிருக்கும் காற்று ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள பிரேக் சேம்பர் என்ற காற்றறைக்குப் பாய்ந்து தடையை அழுத்துகிறது. இதுவரை எல்லோருக்கும் எளிதில் புரிகிறது. புரியாமல் போவது பார்க்கிங் பிரேக். அங்கே காற்று செய்யும் வேலை நேர் எதிரானது. வண்டியை நிறுத்திப் பிடித்திருப்பது ஒரு வலிமையான ஸ்பிரிங். அதை அமுக்கி விலக்கி வைத்திருப்பதுதான் காற்றின் வேலை. காற்று போனால் ஸ்பிரிங் தானாகப் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869இல் ரயிலுக்கு ஏர் பிரேக் செய்து காப்புரிமை பெற்று, 1872இல் அதைத் திருத்தி, குழாய் அறுந்து காற்று வெளியேறினாலும் பிரேக் தானே பிடிக்கும்படி அமைத்தார். காற்றை இழந்த வண்டி நின்றுவிட வேண்டும் என்ற அதே கருத்துத்தான் இன்று நம் லோரிகளில் ஸ்பிரிங்காக இருக்கிறது. (ரயிலில் அந்த வேலையைச் செய்தது ஸ்பிரிங் அல்ல, துணைத் தொட்டியில் சேமித்த காற்று, கருத்து ஒன்றே.)

இது விளங்கிய பிறகு வரிசையை நான் பாடம் செய்யவே தேவைப்படவில்லை. முதலில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது ஏன்? கசிவுச் சோதனைக்குப் பார்க்கிங் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். விடுவித்தால்தான் ஸ்பிரிங்குக்குப் போகும் குழாய்களிலும் காற்று நிரம்பி, அந்தக் குழாய்களின் ஓட்டையும் வெளிப்படும். விடுவித்த வண்டி உருளாமலிருக்கக் கட்டை வேண்டும். இயந்திரத்தை நிறுத்துவது ஏன்? ஓடிக்கொண்டிருந்தால் கம்ப்ரசர் கசிந்த காற்றை ஈடுசெய்து ஓட்டையை மறைத்துவிடும். சாவியை மறுபடியும் 'ஆன்' நிலைக்குத் திருப்புவது ஏன் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கசிவைப் பார்த்தேன் என்று சொல்பவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். அவர்கள் பாதிக் குழாய்களைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதன் மதிப்பு எனக்குத் தெரிந்தது தேர்வு நாளில் அல்ல. லெசென் எடுத்துச் சில ஆண்டுகள் கழித்து, பட்டர்வொர்த்திலிருந்து கொள்கலன் ஏற்றிக்கொண்டு கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் வழியில், மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. ஒவ்வொரு முறை மிதித்து விட்ட பிறகும் முள் முன்பிருந்த இடத்துக்குத் திரும்பாமல் சற்றுக் கீழேயே நிற்பதைக் கவனித்தேன். மணி இன்னும் ஒலிக்கவில்லை. மணி ஒலித்த பிறகு எனக்கு எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கும், அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் என்னைக் கேட்காமல் நனைந்த சாலையில் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் தெளிவாக மனத்தில் நின்றது. கியரைக் குறைத்து, அவசர விளக்கைப் போட்டு, ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்திய சிறிது நேரத்தில் மணி ஒலித்தது. டிரேலருக்குப் போகும் ஒரு குழாய் சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்து வெடித்திருந்தது. மணி ஒலித்த பிறகுதான் நிறுத்த இடம் தேடியிருப்பேன் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை.

பாயான் லெப்பாஸிலிருந்து, கலிபோர்னியாவில் லோரி ஓட்டித் திரும்பியவர்

அண்ணனின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அமெரிக்காவில் வணிக வாகன லெசென் தேர்வில் ஏர் பிரேக் ஒரு தனிப் பகுதி. ஏர் பிரேக் எழுத்துத் தேர்வில் தவறினாலோ, ஏர் பிரேக் இல்லாத வண்டியில் ஓட்டிக் காட்டினாலோ, அத்தகைய பிரேக் உள்ள வண்டியை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டை லெசெனிலேயே பதித்துவிடுவார்கள். கலிபோர்னியாவில் ஓட்டுநர் அறைக்குள் செய்யும் பிரேக் சோதனையின் மூன்று பகுதிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் அன்றைய வாகனப் பரிசோதனை முழுவதும் தோல்விதான்; சாலைக்கே வண்டியை எடுக்க விடமாட்டார்கள்.

அங்கே கையேட்டில் உள்ள எண்களைச் சொல்கிறேன். காற்றழுத்தத்தை அங்கே பிஎஸ்ஐ என்ற அலகில் சொல்வார்கள். பொதுவாக 125 பிஎஸ்ஐ அளவில், அதாவது ஏறக்குறைய 8.6 பாரில், கவர்னர் கம்ப்ரசரை நிறுத்தும். இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை முழுவதும் மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும்; அந்த ஒரு நிமிடத்தில் தனி லோரியில் 3 பிஎஸ்ஐக்கு மேலும், டிரேலர் இணைத்த வண்டியில் 4 பிஎஸ்ஐக்கு மேலும் இறங்கக் கூடாது. அடுத்து, மிதித்து மிதித்துக் காற்றை இறக்கும்போது 60 பிஎஸ்ஐக்குக் கீழ் போவதற்குள் எச்சரிக்கை வந்துவிட வேண்டும். அதற்கும் கீழே, 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள், பார்க்கிங் பிரேக்கின் குமிழ் தானாக வெளியே துள்ள வேண்டும். எண்ணை மட்டும் ஒப்பித்தால் போதாது. எதற்காகச் செய்கிறேன், இப்போது முள் எங்கே நிற்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும்.

என்னை அங்கே தடுமாற வைத்தது அந்த ஒரு நிமிடம். பதற்றத்தில் முப்பது நொடியே ஒரு யுகமாகத் தெரியும். முதல் பயிற்சியில் நான் காலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்றேன். பயிற்சி கொடுத்தவர் தம் கைக்கடிகாரத்தைக் காட்டினார், பாதிகூட ஆகவில்லை. அன்றிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன்.

இந்த எண்கள் அமெரிக்கக் கையேட்டுக்கு உரியவை என்பதைத் தம்பிமார்கள் மறக்க வேண்டாம். நம் ஊரில் ஓடும் ஜப்பானிய லோரிக்கும் ஐரோப்பிய லோரிக்கும் மீட்டரே வேறு அலகில் இருக்கலாம். நீங்கள் பயிலும் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையும் உங்கள் பயிற்றுநர் சொல்லும் வரிசையையும் பின்பற்றுங்கள். காற்று எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் எந்த நாட்டிலும் மாறாது. அங்கே கற்ற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெடலை மிதித்த கணமே ஏர் பிரேக் பிடிப்பதில்லை. காற்று குழாயில் ஓடிச் சேர அரை நொடியோ அதற்கு மேலோ ஆகிறது. மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் வேகத்தில், இந்தத் தாமதம் மட்டுமே உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 32 அடியைக் கூட்டிவிடும் என்று அந்தக் கையேடு சொல்கிறது. பினாங்குப் பாலத்தில் லோரிக்கு முன்னால் சட்டென்று நுழையும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 32 அடி என் நினைவுக்கு வருகிறது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து, தேர்வுக்குத் தயாராகும் ஒரு பெண்

அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவின் லோரியை எடுத்து நடத்த வேண்டும் என்பதற்காக இந்த லெசெனுக்குப் படிக்கிறேன். பயிற்சிக் களத்தில் நான் ஒருத்திதான் பெண்.

என் சிக்கல் மொழியில் தொடங்கியது. பயிற்றுநர் 'தங்கி அங்கின்' என்கிறார், அப்பா 'ஏர் டேங்க்' என்கிறார், நான் படித்த குறிப்பில் வேறு பெயர் இருக்கிறது. ஒரே பொருளுக்கு மூன்று பெயர் வந்ததும் அவசரத்தில் எதுவும் வாயில் வரவில்லை. பிறகு அப்பா ஒரு வழி சொன்னார்: பெயரைச் சொல்வதற்கு முன் பொருளின் மேல் கையை வைத்துவிடு. கை பட்டதும் மலாய்ச் சொல் தானாக வந்தது. இப்போது, ஓட்டும் முன் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் ஆர்பிகே பரிசோதனை முழுவதையும் அப்படியே சுற்றி வருகிறேன்.

தொட்டியின் தண்ணீரைப் பற்றி அண்ணன்கள் எழுதவில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அழுத்திய காற்று குளிரும்போது அந்த ஈரம் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. முதல் நாள் அப்பா வடிகுழாயைத் திறக்கச் சொன்னபோது, ஒரு கோப்பையளவு பழுப்பு நீர் என் காலணியில் கொட்டியது. அந்த நீர் இருக்கும் இடத்தில் காற்று இருக்க முடியாது என்றார் அப்பா. வால்வுகளுக்குள் போனால் துருப்பிடிக்கும் என்றார். நீருடன் எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரைப் பட்டறையில் காட்ட வேண்டுமாம். தினமும் வேலை முடிந்ததும் வடித்துவிடுவது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதைப் போல ஒரு வழக்கமாகிவிட்டது.

நிபோங் திபாலிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு லோரி மெக்கானிக்

மகளே, நன்றாகச் சொன்னாய். நான் இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் சக்கரத்தருகில் குனிந்து பிரேக் சேம்பரைக் காட்டும்போது, அதனுடன் இணைந்த, பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் கைபோன்ற ஸ்லாக் அட்ஜஸ்டரை இழுத்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். முட்டுக்கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கையால் வலுவாக இழுத்தால் அது ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். இப்போதைய வண்டிகளில் அது தானாகச் சரிசெய்துகொள்ளும் வகை. அதையும் ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தானியங்கி வகை தளர்ந்துவிட்டது என்றால் உள்ளே வேறு ஏதோ பழுதாகியிருக்கிறது என்று பொருள். திருகுவதால் அந்தப் பழுது மறையுமே தவிரப் போகாது.

அடுத்தது உயிர்ப் பிரச்சினை. ஸ்பிரிங் இருக்கும் சேம்பரை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே கழற்ற வேண்டாம். பல டன் எடையை நிறுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் அதற்குள் அமுங்கிக் கிடக்கிறது. பூட்டு நெகிழ்ந்தால் மூடி குண்டைப் போலப் பாயும். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்கூட அதைத் தக்க கருவியோடுதான் தொடுவார்கள்.

மீண்டும் பிறையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளை அக்காள் மகனுக்குப் படித்துக்காட்டினேன். தொட்டியின் நீரைப் பற்றி அந்தத் தங்கை எழுதியது அவனைச் சற்று வெட்கப்பட வைத்தது; அவன் இதுவரை வடிகுழாயைத் திறந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனை, டிரேலரை இழுக்கும் என் பிரைம் மூவரில் உட்கார வைத்தேன். அவன் பாடம் செய்திருந்த தாளை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் முறை சாவியை மறந்தான், என்னைப் போலவே. இரண்டாம் முறை மணி ஒலித்ததும் வாயைத் திறக்காமல் மீட்டரை உற்றுப் பார்த்து, "நாலரை பார், மாமா" என்றான். அந்த எண் தாளில் இல்லை. என் வண்டியில் மட்டும்தான் இருக்கிறது. மூன்றாம் முறை, கசிவுச் சோதனையில் முள் அசையவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்து, பின்னால் எங்கோ காற்றுச் சத்தம் கேட்கிறது என்றான். எனக்குக் கேட்கவில்லை. இறங்கிப் போய் டிரேலர் குழாய் இணைப்பில் சோப்புநீரைத் தடவினோம். சிறுசிறு குமிழிகள் எழுந்தன. இணைப்பின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் கீறியிருந்தது. திங்கட்கிழமை கடை திறந்ததும் புது வளையம் வாங்கி, அவன் கையாலேயே மாற்ற வைத்தேன்.